பொது நிலம் யாருக்காக? ஆலோசனை யாரிடமிருந்து?

(பெங்களூரு மர்பி டவுனில் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2024 ஜூன் மாதத்தில் கர்நாடக அரசைப் பற்றி ஒரு செய்தி நாளேடுகளில் வெளிவந்தது. வரி அல்லாத வருவாயைப் பெருக்க வழி சொல்லுமாறு பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்னும் பன்னாட்டு ஆலோசனை நிறுவனத்தை மாநில அரசு அமர்த்தியுள்ளது. ஆறு மாதப் பணிக்குச் சுமார் 9.5 கோடி ரூபாய் கட்டணம். பெங்களூரிலும் அதைச் சுற்றியும் உள்ள ஏறத்தாழ 25,000 ஏக்கர் அரசு நிலத்தைப் பணமாக்குவதும் பரிசீலனையில் உள்ளது என்பதே அந்தச் செய்தி. நலத்திட்டங்களுக்குப் பணம் வேண்டாமா என்று ஆளும் தரப்பு கேட்டது. நலத்திட்டங்களால்தான் இந்த நிலை என்று முதலாளித்துவ ஊடகங்கள் எழுதின. நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும் அறிவை ஓர் அரசு ஏன் விலை கொடுத்து வெளியிலிருந்து வாங்க வேண்டும் என்று இரு தரப்பாரும் கேட்கவில்லை.

அரசு, மாநகராட்சி, ரயில்வே, பொதுத்துறை ஆலைகள், கோயில்கள், வக்ஃபு வாரியங்கள், தேவாலயங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவை இந்த நாட்டின் மிகப் பெரிய நில உடைமையாளர்களில் அடங்கும். இலாபம் ஈட்டுவதற்காக இவர்களிடம் நிலம் வந்து சேரவில்லை. ஆனால் இன்று இவர்கள் அனைவருக்கும் ஒரே ஆலோசனை வழங்கப்படுகிறது: “உங்கள் நிலம் தூங்குகிறது, அதை எழுப்பிப் பணமாக்குங்கள்.” இந்த ஆலோசனை எங்கிருந்து வருகிறது, யாருக்குப் பயன்படுகிறது, இதற்கு மாற்று என்ன என்பதைத் தொழிலாளி வர்க்கத்தின் பார்வையில் ஆராய்வதே இந்த உரையின் நோக்கம்.

மர்பி டவுன் சொல்லும் பாடம்

இதை ஆராய இந்த இடமே பொருத்தமானது. ஒரு காலத்தில் நாக்ஸ்பேட் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதிக்கு, சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன் நிர்வாகத்தில் பொறியாளராக இருந்த டபிள்யூ.எச். மர்பியின் பெயர் சூட்டப்பட்டது. குறைந்த வருவாய் உடைய உழைப்பாளிகளுக்காகத் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட குடியிருப்பு இது. வட ஆற்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வந்து, கன்டோன்மென்ட்டின் கட்டடங்களை எழுப்பிய, பங்களாக்களில் சமைத்த, தெருக்களைத் துப்புரவு செய்த மக்களின் சந்ததியினர் இன்றும் இங்கும் சுற்றுவட்டாரத்திலும் வாழ்கின்றனர்.

காலனி ஆட்சி இதைக் கருணையால் செய்யவில்லை. கன்டோன்மென்ட்டுக்கு அருகிலேயே குடியிருக்கும் வேலையாட்கள் தேவைப்பட்டனர். நெருக்கடியான குடியிருப்புகளில் தோன்றும் நோய் பங்களாக்களையும் விட்டுவைக்காது என்பதை 1898ஆம் ஆண்டின் பிளேக் கற்பித்திருந்தது. ஆயினும் ஓர் உண்மை இதில் வெளிப்படுகிறது. நிர்வாகம் தன் பொறியாளரைக் கொண்டே திட்டம் வகுத்தது. நிலத்தை விற்காமல், மிகக் குறைந்த ஊதியம் பெறுவோர் குடியிருக்க ஒதுக்கியது. அடிமைப்பட்ட நாட்டின் ஸ்டேஷன் நிர்வாகத்தால் இயன்றது, சுதந்திர நாட்டின் பெரும் மாநகர நிர்வாகத்தால் இயலாது என்று சொல்வதை எவ்வாறு ஏற்பது?

மர்பி டவுனுக்கு அருகில் உள்ள பையப்பனஹள்ளியைப் பாருங்கள். ஜெர்மனியின் ஏஇஜி நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் 1956இல் தொடங்கப்பட்ட என்ஜிஇஎஃப் என்னும் மாநிலப் பொதுத்துறை மின்கருவி ஆலை அங்கே இருந்தது. 2002இல் அது மூடப்பட்டது. தொழிலாளர்கள் வெளியேறினர், நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் நின்றது. 2011 அக்டோபர் 20 அன்று மெட்ரோ ரயிலின் முதல் பாதை பையப்பனஹள்ளிக்கும் எம்.ஜி. சாலைக்கும் இடையே திறக்கப்பட்டது. அந்த ஆலையின் நிலமும், அல்சூர், இந்திராநகர் நிலங்களும் பன்மடங்கு விலை உயர்ந்தன. அந்த உயர்வுக்கு எந்த நில உடைமையாளரும் ஒரு செங்கல்கூட எடுத்து வைக்கவில்லை. மக்களின் வரிப்பணமும் பொதுக்கடனும் தொழிலாளர் உழைப்பும் சேர்ந்து உருவாக்கிய மதிப்பு அது. என்ஜிஇஎஃப் வளாகத்தில் மரப்பூங்கா அமைக்கும் திட்டத்தை அரசு அறிவித்தது வரவேற்கத்தக்கது. அந்த நிலம் பொதுவுடைமையில் இருந்ததால்தான் அப்படியொரு முடிவை எண்ணிப் பார்க்கவாவது முடிந்தது.

நிலத்தின் விலை என்பது என்ன?

மூலதனம் நூலின் மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ் தரை வாடகையை விரிவாக ஆராய்கிறார். நிலம் உழைப்பால் படைக்கப்பட்ட பண்டம் அல்ல. ஆகவே மற்றப் பண்டங்களுக்கு உள்ள பொருளில் அதற்கு மதிப்பு இல்லை. நிலத்தின் விலை என்பது, அந்த நிலம் வருங்காலத்தில் ஈட்டித் தரும் வாடகையை இன்றைய வட்டி விகிதத்தைக் கொண்டு மூலதனமாக்கிக் கணக்கிட்ட தொகை. ஓர் எளிய கணக்கு: ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வாடகை தரும் நிலம், வட்டி 5 விழுக்காடாக இருந்தால், ஒரு கோடி ரூபாய்க்கு விலை போகும்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, நிலத்தை விற்கும் பொது நிறுவனம் வருங்காலத் தலைமுறைகளுக்கு உரிய வாடகை முழுவதையும் இன்றே வாங்கிச் செலவழித்துவிடுகிறது. ஊதியம், ஓய்வூதியம், மானியம் போன்றவை ஆண்டுதோறும் திரும்பி வரும் செலவுகள். நிலமோ ஒரே ஒரு முறைதான் விற்கப்படும். ஆண்டுச் செலவை ஆண்டு வருவாயிலிருந்து, அதாவது பெருஞ்செல்வத்தின் மீதான வரியிலிருந்து ஈடுகட்ட வேண்டுமே தவிர, விதைநெல்லை விற்று அடுப்பெரிக்கக் கூடாது. நலத்திட்டங்களைப் பாதுகாக்கும் போராட்டமும் பொது நிலத்தைப் பாதுகாக்கும் போராட்டமும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

இரண்டாவது முடிவு குத்தகையைப் பற்றியது. விற்கவில்லை, குத்தகைக்குத்தான் விடுகிறோம் என்று அமைச்சர்கள் ஆறுதல் சொல்வதுண்டு. வாடகை ஆண்டுக்கு 5 விழுக்காடு உயரும் இடத்தில் பதினான்கு ஆண்டுகளில் அது இரு மடங்காகிறது. முப்பது ஆண்டுகளில் நான்கு மடங்கைத் தாண்டுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மாறாத வாடகையில் கையெழுத்திடும் மாநகராட்சி, உயர்வு முழுவதையும் குத்தகைதாரருக்குத் தானமாக வழங்குகிறது. அறுபது, தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகை என்றால், பெயரைத் தவிர மற்ற அனைத்திலும் அது விற்பனையே.

டெல்லியிலிருந்து வரும் ஆலோசனை

ஒன்றிய அரசு 2021 ஆகஸ்ட் மாதம் ஆறு லட்சம் கோடி ரூபாய் இலக்குடன் தேசிய பணமாக்கல் திட்டத்தை வெளியிட்டது. 2022 மார்ச் மாதம் தேசிய நிலப் பணமாக்கல் கழகத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பொதுத்துறை நிறுவனங்கள் சுமார் 3,400 ஏக்கர் நிலத்தைப் பணமாக்கலுக்கு அனுப்பியிருப்பதாக அப்போது அரசு தெரிவித்தது. அந்த நிறுவனங்களின் பட்டியலில் பிஎஸ்என்எல், பிஇஎம்எல், எச்எம்டி ஆகிய பெயர்கள் இருந்தன. பிஇஎம்எல்லும் எச்எம்டியும் பெங்களூருத் தொழிலாளர்களின் வியர்வையில் வளர்ந்தவை. அவற்றின் நிலங்கள் ஆலை கட்டவும் வேலைவாய்ப்பு வழங்கவும் பொது நோக்கத்திற்காக வழங்கப்பட்டவை.

இக்கழகத்தின் அமைப்பு முறையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மற்ற அரசு நிறுவனங்களுக்கும் நில ஆலோசனை வழங்குவது இதன் பணிகளில் ஒன்று. ஆனால் நிரந்தர ஊழியர்கள் மிகக் குறைவாக இருப்பார்கள். சந்தையிலிருந்து ஒப்பந்த அடிப்படையில் வல்லுநர்கள் அமர்த்தப்படுவார்கள். நிலச் சந்தையில் பிழைப்பவர்களே, நிலத்தைச் சந்தைக்குக் கொண்டுவரலாமா என்று அரசுக்கு அறிவுரை கூறும் ஏற்பாடு இது. விற்பனைத் தொகையில் பங்கு பெறும் தரகர், விற்காதே என்று சொல்வாரா? “உபரி”, “மையமல்லாத சொத்து” என்னும் சொற்களை இந்த ஆலோசகர்களே வழக்கில் கொண்டுவந்தனர். ஆட்குறைப்புச் செய்து ஆலையை மூடுவது முதல் கட்டம். மூடிய ஆலையின் நிலத்தை உபரி என்று அறிவிப்பது இரண்டாம் கட்டம்.

ஈஜிபுராவில் நடந்தது

இத்தகைய ஆலோசனை நடைமுறைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதைப் பெங்களூரு ஏற்கெனவே கண்டுள்ளது. கோரமங்களாவை ஒட்டிய ஈஜிபுராவில் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்காக 1990களின் தொடக்கத்தில் 1,512 குடியிருப்புகள் கட்டப்பட்டன. கட்டுமானம் தரமற்றதாக இருந்ததால் சில தொகுதிகள் பின்னர் இடிந்து விழுந்தன. பழுதுபார்த்தோ புதிதாகக் கட்டியோ கொடுப்பது மாநகராட்சியின் கடமை. பணம் இல்லை என்று சொல்லி, பொது-தனியார் கூட்டு என்ற வழியை அது தேர்ந்தெடுத்தது. 15.64 ஏக்கர் நிலத்தில் ஏறத்தாழ ஒரு பாதியில் ஏழைகளுக்கு வீடுகளும், மறுபாதியில் வணிக வளாகமும் கட்ட மேவரிக் ஹோல்டிங்ஸ் என்னும் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது.

2013 ஜனவரியில் காவல்துறைப் பாதுகாப்புடன் புல்டோசர்கள் வந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்களில் தலித்துகள், சிறுபான்மையினர், தமிழ் பேசும் உழைப்பாளிகள், வீட்டு வேலை செய்யும் பெண்கள் பெருமளவில் இருந்தனர். பல குடும்பங்கள் மாதக்கணக்கில் நடைபாதையிலேயே தங்கின. பத்து ஆண்டுகள் கடந்த பின்னும், வாக்களிக்கப்பட்ட வீடுகளுக்காக மக்கள் காத்திருக்கும் நிலையே தொடர்ந்தது.

இதில் ஆராய வேண்டியது தனியொரு நிறுவனத்தின் குணத்தை அல்ல, ஒப்பந்தத்தின் தர்க்கத்தை. ஏழைகளின் வீட்டுக்குச் செலவிட மாநகராட்சியிடம் பணம் இல்லை. எனவே ஏழைகளின் நிலத்தில் பாதியையே விலையாகக் கொடுத்தது. நிலம் ஒருமுறை கைமாறிவிட்டால், வீடு கட்டும் காலத்தைச் சந்தை நிலவரமும் வழக்குகளும் தீர்மானிக்கின்றன. அந்த ஒப்பந்தத்தில் குடியிருந்த மக்கள் ஒரு தரப்பாகவே இல்லை. அவர்களுக்கு வீடு கட்டி ஒப்படைத்த பிறகே வணிகப் பகுதியைத் தொடலாம் என்ற ஒரு நிபந்தனை உறுதியாக இருந்திருந்தால், இத்தனை குடும்பங்கள் தெருவில் நின்றிருக்க மாட்டா.

அறக்கட்டளை நிலங்கள்

அரசு அல்லாத, இலாப நோக்கமற்ற நில உடைமையாளர்களின் நிலையும் இதனுடன் சேர்த்துப் பார்க்கத்தக்கது. 2006இல் அளிக்கப்பட்ட சச்சார் குழு அறிக்கையின்படி, நாட்டில் பதிவு பெற்ற வக்ஃபு சொத்துகள் 4.9 லட்சம், பரப்பு சுமார் 6 லட்சம் ஏக்கர், சந்தை மதிப்பு 1.2 லட்சம் கோடி ரூபாய். ஆண்டு வருவாயோ வெறும் 163 கோடி ரூபாய். முறையாகப் பயன்படுத்தினால் ஆண்டுக்கு 12,000 கோடி ரூபாய் கிடைக்கும் என்று குழு மதிப்பிட்டது. ஏழை முஸ்லிம் குழந்தைகளின் பள்ளிக்கும் விடுதிக்கும் போக வேண்டிய பணம் செல்வாக்கு மிக்கவர்களின் பையில் தங்கிவிடுகிறது என்பதே இதன் பொருள். வக்ஃபு நிலங்களை அனுபவிப்போரில் அரசுத் துறைகளே இருந்ததையும் அந்த அறிக்கை சுட்டிக்காட்டியது.

இதற்கு மருந்தாக 2013ஆம் ஆண்டுத் திருத்தம் வக்ஃபு சொத்துகளின் விற்பனையையும் அடமானத்தையும் தடை செய்தது. அது சரியான திசை. 2025ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமோ நிர்வாகச் சீர்திருத்தம் என்ற பெயரில் சிறுபான்மையினரின் உரிமையில் கைவைக்கிறது. ஊழலைக் காட்டி உரிமையைப் பறிப்பதை இடதுசாரிகள் எதிர்த்தனர். அதே வேளையில், நிலத்தை விழுங்கியவர்களை விட்டுவிடுவதையும் இடதுசாரிகள் ஏற்பதில்லை.

கோயில் நிலங்களிலும் இதே அளவுகோல்தான். 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய அறநிலையத்துறைச் சட்டத்தின் 34ஆவது பிரிவின்படி, கோயிலின் அசையாச் சொத்தை ஆணையரின் ஒப்புதலின்றி விற்கவோ ஐந்து ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விடவோ முடியாது. “கோயில்களை விடுவியுங்கள்” என்று சங் பரிவாரங்கள் எழுப்பும் முழக்கத்தின் உள்ளே இருப்பது, பொதுக் கண்காணிப்பிலிருந்து நிலத்தை விடுவிக்கும் ஆசை. அந்நிலங்களில் தலைமுறைகளாக உழும் குத்தகை விவசாயிகளும் குடியிருக்கும் ஏழைகளும்தான் அந்த விடுதலையின் முதல் பலிகளாக இருப்பர்.

எல்லாக் குறைந்த வாடகையும் ஒன்றல்ல

பணமாக்கலை ஆதரிப்போர் ஒரு வாதத்தை முன்வைக்கின்றனர்: பொது நிலங்கள் அடிமாட்டு வாடகைக்குக் கிடக்கின்றன, அதைச் சீர்திருத்த வேண்டாமா? வாதத்தின் முற்பாதி உண்மை. ஆனால் குறைந்த வாடகையில் இரு வகை உண்டு. மாநகராட்சிச் சந்தையில் கீரையும் மீனும் விற்கும் பெண்ணுக்குக் குறைந்த வாடகையில் கடை தருவது சமூகச் செலவு; அதை வெளிப்படையாக ஏற்று நடத்த வேண்டும். பெங்களூரின் நடுவே எழுபது ஏக்கருக்கும் மேற்பட்ட அரசு நிலத்தில் குதிரைப் பந்தயம் நடத்தும் டர்ஃப் கிளப்பின் குத்தகை 2009 இறுதியிலேயே முடிந்தது. அதன் பின்னும் ஆண்டுக்கணக்கில் பந்தயங்கள் அங்கேயே நடந்தன. இது செல்வந்தர்களுக்குத் தரப்படும் மானியம்.

ஆலோசகர்களின் அட்டவணையில் இவ்விரண்டும் ஒரே வரிசையில் வரும்: “சந்தை விலைக்குக் கீழ்.” நடைமுறையிலோ கீரைக்காரரின் கடைக்குத்தான் முதலில் பூட்டு விழும். கிளப்புக்கு வழக்கறிஞர்கள் உண்டு. எனவே வாடகைச் சீர்திருத்தம் என்ற கோரிக்கையைப் பிறருக்கு விட்டுக்கொடுக்காமல், வர்க்கப் பார்வையுடன் அதை முன்வைக்க வேண்டியது கட்சியின் பொறுப்பு.

மாற்று உண்டு

எதிர்ப்பு மட்டுமே கொள்கை ஆகாது. பொது நிலத்துக்கும் ஒரு செயல்தந்திரம் வேண்டும். அதற்கு வரலாற்றில் சான்றுகள் உள்ளன.

முதல் உலகப் போருக்குப் பின் வியன்னா மாநகராட்சியைத் தொழிலாளர் கட்சி கைப்பற்றியது. 1923இல் வீட்டுவசதி வரி விதிக்கப்பட்டது. ஆடம்பர வீடுகளின் மீது அதிக வரி விழுந்தது. மாநகராட்சி நிலத்தை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டது. 1934இல் பாசிசம் அந்த ஆட்சியை வீழ்த்தும் வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப் வளாகத்தில் மட்டும் 1,382 வீடுகள். அவற்றை விற்காமல் வாடகைக்கு விட்டதால், இன்றும் வியன்னா மாநகராட்சியிடம் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன. நகரின் வாடகை ஏற்றத்துக்கு அவை கடிவாளமாக நிற்கின்றன.

மகாராஷ்டிர மாநிலம் சோலாப்பூரில், தோழர் நரசய்யா ஆடம் தலைமையில் நடந்த நெடிய போராட்டத்தின் விளைவாக, பீடி சுற்றும் பெண்களின் கூட்டுறவுச் சங்கம் 10,000 வீடுகளைக் கட்டியது. வார்லி ஆதிவாசிகளின் தலைவர் கோதாவரி பருலேகரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 2006 செப்டம்பரில் அந்த வீடுகள் ஒப்படைக்கப்பட்டன. தொழிலாளர்களின் பங்கு, ஒன்றிய அரசின் பங்கு, மாநில அரசின் பங்கு ஆகிய மூன்றையும் சேர்த்து நிதி திரட்டப்பட்டது. இலாப நோக்கமற்ற நில உடைமையாளராக உழைக்கும் பெண்களே இருக்க முடியும் என்பதை அந்தச் சங்கம் மெய்ப்பித்தது.

கேரளத்தில், கோட்டயம் மாவட்டம் வெள்ளூரில் இருந்த ஒன்றியப் பொதுத்துறைச் செய்தித்தாள் ஆலை விற்பனைக்கு வந்தபோது, இடது ஜனநாயக முன்னணி அரசு அதைத் தானே வாங்கியது. 2022இல் கேரளா பேப்பர் புராடக்ட்ஸ் லிமிடெட் என்ற பெயரில் மீண்டும் உற்பத்தி தொடங்கியது. மூடிய ஆலையின் நிலம் மீண்டும் ஆலையாக முடியும் என்பதற்கு அது சான்று.

செய்ய வேண்டியவை

இவற்றிலிருந்து பொது நில உடைமையாளர்களின் முன் வைக்க வேண்டிய ஆலோசனைகள் தெளிவாகின்றன.

முதலாவது, பதிவேடு. ஒவ்வொரு பொது நிலத்தின் சர்வே எண், பரப்பு, குத்தகைதாரர், வாடகை, குத்தகை முடியும் நாள் ஆகியவை வார்டு அலுவலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். பட்டியல் இல்லாத இடத்தில்தான் ஆக்கிரமிப்பாளரும் ஆலோசகரும் வளர்கின்றனர்.

இரண்டாவது, விற்பனைக்குத் தடை. குத்தகை தவிர்க்க இயலாத இடத்தில் குறுகிய காலம், குறிப்பிட்ட இடைவெளியில் வாடகை மறுநிர்ணயம், நிபந்தனையை மீறினால் நிலம் திரும்பும் ஏற்பாடு ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, குடியிருப்போர் உரிமை. ஈஜிபுராவின் படிப்பினையாக, மாற்று வீட்டின் சாவி கைக்கு வரும் முன் எந்தக் குடும்பமும் வெளியேற்றப்படக் கூடாது.

நான்காவது, அரசின் சொந்தத் திறன். மாநகராட்சியிலும் பொதுப்பணித் துறையிலும் நில அளவையாளர், பொறியாளர், சட்ட அலுவலர் பணியிடங்களை நிரந்தரமாக நிரப்ப வேண்டும். ஆலோசனை நிறுவனங்களுக்குச் செல்லும் கோடிகள் இதற்குப் பயன்படட்டும்.

ஐந்தாவது, ஜனநாயகம். பெங்களூரு மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டபோதும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. மக்கள் பிரதிநிதிகள் இல்லாத அவையில் மக்கள் நிலத்தைப் பற்றிய முடிவு எதுவும் எடுக்கப்படக் கூடாது.

இவற்றை மனுவாக எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. மர்பி டவுன், அல்சூர், இந்திராநகர் பகுதிகளின் கிளைகள் தத்தம் எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு பொது நிலத்தையும் நேரில் சென்று பார்த்துப் பட்டியலிடலாம். பூட்டிய பள்ளிக் கட்டடம், பாழடைந்த ஊழியர் குடியிருப்பு, வேலியிடப்பட்ட விளையாட்டுத் திடல், சந்தைக் கடைகள், தண்ணீர்த் தொட்டி வளாகம் என எதையும் விட வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் குத்தகை ஆவணங்களைக் கேட்டுப் பெறலாம். துப்புரவுத் தொழிலாளர், தெரு வியாபாரிகள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், தமிழரும் கன்னடரும் தெலுங்கரும் உருது பேசுவோரும் ஒன்றாக அமர்ந்து, இந்த நிலத்தில் அங்கன்வாடி வேண்டுமா, மருத்துவமனை வேண்டுமா, வாடகை வீடுகள் வேண்டுமா என்று விவாதிக்க வேண்டும். நிலத்தைப் பற்றிய ஆலோசனை அந்தக் கூட்டங்களிலிருந்து பிறக்கட்டும்.

பொது நிலம் தூங்கவில்லை, தோழர்களே. அது காத்திருக்கிறது. அதைத் தேடி முதலில் வருவது தரகரா, தொழிலாளியா என்பதை இயக்கத்தின் வலிமையே தீர்மானிக்கும்.